பெயரில் மட்டும் ஓடும் வாய்க்கால்

மைக் முன்னால் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன், இரண்டு நாளாக எழுதி வைத்திருந்த தாளைக் கடையிலேயே விட்டுவிட்டு யாருடைய கால்சட்டை அளவுச் சீட்டையோ எடுத்து வந்திருந்தேன். இடுப்பு முப்பத்தாறு என்று அதிகாரியிடம் படிக்கவா முடியும்?

தொகுதி எல்லையை மாற்றி வரைகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். புதுக் கோடு எங்கள் வாய்க்கால் தெருவின் நடுவே போனது. என் தையல்கடை ஒரு தொகுதி, எதிர்வீட்டில் இருக்கும் என் அக்கா இன்னொரு தொகுதி. கண் மங்கியதிலிருந்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருமுனைப் பள்ளிக்கு ஓட்டுப்போட வருகிறாள். அவள் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. சேர்ந்து போய் ஒருத்தி ஓட்டை இன்னொருத்தி எதிர் ஓட்டால் அடித்துவிட்டு, கதை பேசிக்கொண்டே திரும்புவோம். இனி அவள் பெரிய சாலையைத் தாண்டிப் போகவேண்டும். நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"கடையப் பூட்டிட்டு எனக்காக ரெண்டு இடம் அலைவியா? நான் போகலடி, விடு."

என்னிடம் ஒரு வாக்குவாதத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவள் ஓட்டையே விட்டுக்கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவைப் பிரிக்காதீர்கள் என்று தாளில்லாமலே மைக்கில் சொன்னேன்.

"வாய்க்கால்தாம்மா எல்லை," என்றார் அதிகாரி. "அதைத் தாண்டி எப்படி ஒண்ணா சேர்க்கறது?"

"எந்த வாய்க்கால் சார்?"

"வாய்க்கால் தெருன்னு மனுவுல நீங்களே எழுதியிருக்கீங்களே."

"பேருதான் சார் வாய்க்கால். அத மூடி நாப்பது வருஷமாச்சு. இப்ப அது மேல லாரி ஓடுது."

கூடமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார், வரைபடத்தின் தேதியைப் பார்த்தார், பென்சிலால் கோட்டை அடித்துப் பெரிய சாலை மேல் புதிதாக இழுத்தார்.

"மேல அனுப்பறேம்மா. கடைசிப் பட்டியல் வந்ததும் பாருங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அப்பாடா என்றிருந்தது.

அக்கா என் காலடிச் சத்தத்திலேயே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"இன்னும் முடிவாகலக்கா. ஆனா உன் ஓட்ட அடிக்க நான் இருப்பேன் போலிருக்கு."

"யாரு யாருத அடிக்கறதுன்னு பாப்போம்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். ஒரு லாரி போகும்வரை நின்றேன். பிறகு வாய்க்காலைக் கடந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.