ஆறு இறக்கிவைத்த நிலம்

என் வலது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனபோது அண்ணி படகிலிருந்தபடி சிரித்தாள். "என்னடி, இப்பவே கால் ஊனியாச்சா?" அடுத்த நொடி இடது காலும் போனது. சிரிப்பு நின்றது.

போன வெள்ளத்தில் அண்ணன் வீடு கரையோடு சரிந்து ஆற்றில் போயிருந்தது. அதே ஆறு இப்போது முகத்துவாரத்தில் ஒரு திட்டை எழுப்பியிருந்தது. "எடுத்ததும் ஆறு, குடுக்கிறதும் ஆறு. முந்திக்கிட்டவனுக்குத்தான் இடம்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். துறைமுகத்தில் கடலடி மண்ணை எடுத்துச் சோதிப்பது என் வேலை. அதனால்தான் அண்ணி அவருக்குத் தெரியாமல் என்னைக் கூட்டி வந்திருந்தாள். "புள்ளைங்களைத் தூக்கிட்டு வரணும். தாங்குமான்னு பாத்துச் சொல்லு."

கடலைத் தொட்டதும் ஆறு தளர்ந்துவிடும். சுமக்க முடியாததை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கும். முதலில் மணல். மாவு போன்ற வண்டல் இன்னும் கொஞ்ச தூரம் போகும்; உப்புநீர் பட்டதும் பால் திரிவதுபோல் திரிந்து, கனத்து, அடியில் படியும். நான் மணலில் இறங்கி, பேச்சு சுவாரஸ்யத்தில் வண்டலுக்கு வந்திருந்தேன். மேலே வெயிலில் காய்ந்த பொருக்கு. அடியில் வெறும் கூழ்.

ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்கியது. சேறு தொடைகளைக் குளிர்ச்சியாகக் கவ்விக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் சலசலப்பு. கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

"இறங்காதீங்க அண்ணி! ரெண்டு பேரும் போயிடுவோம்!"

"வாயை மூடு."

படகின் உட்காரும் பலகையைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அண்ணி ஊர்ந்து வந்தாள். மல்லாக்கச் சாய வேண்டும், காலை இழுக்காமல் ஆட்ட வேண்டும், நீர் உள்ளே போனால்தான் பிடி தளரும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மண்ணின்மேல் தலையைச் சாய்க்க உடம்பு மறுத்தது.

"சாஞ்சுக்கடி. நான் புடிச்சிருக்கேன்."

சாய்ந்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்தது. வானம் மட்டும் தெரிந்தது. அண்ணியின் விரல்கள் என் அக்குளில் நகம் பதியப் பிடித்திருந்தன. எவ்வளவு நேரம் ஆட்டினேனோ, ஒரு கால் ஏப்பம் விட்டாற்போல் வெளியே வந்தது. பிறகு மற்றது.

படகில் விழுந்தபின் இருவருக்கும் பல் கிட்டியது. "உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "நான் சொன்னா பயந்தாங்கொள்ளிம்பாரு." சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டாள்.

திட்டைச் சுற்றித் திரும்பியபோது மறுபுறம் வேறொரு படகு கட்டிக் கிடந்தது. அண்ணன் அதிலிருந்து இறங்கியிருந்தார். ஒரு கையில் எல்லைக்கு நடும் கம்புகள். தோளில் சின்னவள்.

அண்ணி எழுந்து நின்று கத்தினாள். நானும் கத்தினேன். காற்று எங்களை நோக்கி வீசியது; குரல் அங்கே எட்டவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டார். கம்புகளை உயர்த்தி ஆட்டினார். சின்னவளும் இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஆட்டியபடியே அவர்கள் மணலைத் தாண்டி, ஏறிவரும் நீர் நனைத்து வெயிலில் கண்ணாடிபோல் மின்னிய அந்த வண்டல் பரப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.