தம்பி ஜெயித்த தேர்தல்

நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்த அக்காதான் தம்பியைத் தேர்தலில் நிற்க வைத்தாள். தம்பி வக்கீல், வாயைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும். ஊரைச் சுற்றியிருந்த சிமெண்ட் ஆலைகளின் தூசியால் மூச்சு முட்டி வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஆலைகள் வடிகட்டி பொருத்தியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் போதும் என்று இருவரும் நம்பினார்கள்.

முதல் முறை நடையாய் நடந்து ஓட்டுக் கேட்டார்கள். டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். மண்ணைக் கவ்வியதுதான் மிச்சம்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது ஆலை முதலாளிகள் சங்கத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். நயமான மனிதர். ஆலையைப் பற்றி மூச்சே விடவில்லை. அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். மேடை, வண்டி, விளம்பரம் எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வேண்டவே வேண்டாம் என்றாள்.

"ஜெயிச்சாத்தானேக்கா சட்டம் கொண்டுவர முடியும்? தோத்தவன் பேச்சை யார் கேக்குறா?" என்றான் தம்பி.

சங்கம் அனுப்பிய வண்டியில் ஏறி ஓட்டுக் கேட்கப் போனான்.

ஜெயித்தான். எதிர்த்து நின்றவருக்கும் அதே சங்கம்தான் செலவு செய்திருந்தது. தோற்ற மனிதரே அதைச் சிரித்துக்கொண்டு தம்பியிடம் சொன்னார்.

வடிகட்டிச் சட்டத்தை வேறு யாரோ சட்டசபையில் கொண்டுவந்தார்கள். ஓட்டெடுப்பன்று தம்பி போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தான். சட்டம் தோற்றது. அக்கா அவன் வீட்டுக்குப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடே இல்லை.

"மிரட்டினாங்களாடா?"

"ஒருத்தரும் மிரட்டலக்கா. அந்தச் சங்கத்துக்காரர் போன்கூடப் பண்ணல. என்ன செய்யணும்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் போயிருந்தாலும் தோத்திருக்கும். அங்க பாதிப் பேரு என்னை மாதிரிதான்."

அடுத்த தேர்தலில் வேலையை விட்டுவிட்டு அக்காவே தம்பியை எதிர்த்து நின்றாள். சங்கத்துக்காரர் அவளையும் தேடி வந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவள் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவரே முகத்துக்கு நேராகச் சொன்னார்:

"நீங்க நல்லவங்கதான் சிஸ்டர். ஆனா ஜெயிக்க மாட்டீங்களே. எம்மவன் ஆலையிலதான் வேலை பாக்குறான்."

டெபாசிட் போயிற்று. கெஞ்சிக் கூத்தாடிப் பழைய வேலைக்கே திரும்பினாள்.

மந்திரியாகிவிட்ட தம்பி, அவள் ஆஸ்பத்திரியில் சங்கம் கட்டிக்கொடுத்த புது வார்டைத் திறந்துவைக்க வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபின் அவளருகே வந்து தாழ்ந்த குரலில், "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான்.

சாப்பிட்டேன் என்றாள். உள்ளே யாரோ இருமிக்கொண்டே கூப்பிட்டார்கள். போனாள்.