ரெண்டு தடவை கேட்டார்கள்

ஓமந்தூர் துரைக்கண்ணு தன் வாழ்நாளில் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. மிதிக்காமலேயே அமெரிக்கக் கோர்ட் ஒன்று அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. திண்டிவனத்தில் தம்பி மகன் ஜெகதீசன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில், சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு திரையில்.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போன மகள் அஸ்வினி, நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்த பிறகுதான் சாலையைக் கடந்தாள். குடித்துவிட்டுக் காரோட்டி வந்தவன் எதையும் பார்க்கவில்லை. பெட்டியில் வந்த மகளை எரித்துப் பதினோரு மாதமாகிறது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். தண்டனை எவ்வளவு என்பதுதான் பாக்கி. அரசு வக்கீல் எட்டு வருடம் கேட்டிருந்தார். தீர்ப்புக்கு முன்னால் செத்தவர் வீட்டாரும் மனதில் உள்ளதைச் சொல்லலாம், நீதிபதி அதையும் எடை போடுவார் என்பது அந்த ஊர் நியாயம். துரைக்கண்ணுவும் மனைவி வெள்ளையம்மாளும் அதற்குத்தான் வந்திருந்தார்கள். எட்டு வருடமே குறைச்சல் என்பது அவர் நினைப்பு.

ஆனால் அவருக்குத் தெரிந்த நியாயம் ஊர்ப் பஞ்சாயத்து மட்டும்தான். அங்கேயும் பறிகொடுத்தவனைக் கேட்பார்கள். வயிறு பற்றி எரிந்தாலும் அவன், "போவட்டும், உட்டுடுங்க" என்றுதான் சொல்வான். தன் வாயால் தண்டனை கேட்பது அவனுக்கு அழகில்லை. உடனே நாலு பேர் எழுந்து, "நீ உட்டாலும் நாங்க உட மாட்டோம்" என்று சத்தம் போட்டு, தண்டனையைக் கூட்டித்தான் வைப்பார்கள். இதில் ஒருநாளும் பிசகு வந்து அவர் பார்த்ததில்லை.

திரையில், காரோட்டிய அந்தப் பையன் அழுதான். மன்னிப்புக் கேட்டான். அடுத்து இவர்கள் முறை. துரைக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க பெரியப்பா, தலையே தெரியல" என்றான் ஜெகதீசன்.

உட்கார்ந்தார். "எங்க பொண்ணு போய்ட்டா. இவன் சின்னப் பையன். போவட்டும், உட்டுடுங்கம்மா."

கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்திருந்த மொழிபெயர்ப்புப் பெண் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். தண்டனையைக் குறைக்கச் சொல்கிறீர்களா, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

ரெண்டாம் தடவை கேட்டாலும் அதையே சொல்வதுதானே மரியாதை? "ஆமாங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு, யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தார். அந்தக் கோர்ட்டில் அப்படி எழுந்திருக்க யாருமில்லை. அரசு வக்கீல் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

நீதிபதி விடவில்லை. பெண்ணின் அம்மா ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?

"அவ சொல்றதுக்கு இன்னா இருக்குது? ரெண்டு பேருக்கும் நான் சொன்னதுதாங்க."

அவரே சொல்லட்டும் என்றார் நீதிபதி. வெள்ளையம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

இறந்த பெண்ணின் பெற்றோர் காட்டிய கருணையை இந்த நீதிமன்றம் மதிக்கிறது என்று தீர்ப்பு ஆரம்பித்தது. ஆறு மாதம் ஜெயில். அப்புறம் ஐந்து வருடம் வெளியே, கண்காணிப்பில். துரைக்கண்ணு தடுமாறி எழுந்து, "அது பேச்சுக்குச் சொன்னதும்மா!" என்று கத்தியபோது திரை கறுத்துவிட்டிருந்தது. ஜெகதீசன் எதை எதையோ தட்டிப் பார்த்தான். யார் மேல் குறை சொல்வது? ஊரில் எந்தப் பஞ்சாயத்தும் வெள்ளையம்மாளை இப்படி ரெண்டு தடவை கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வெள்ளையம்மாள் சொன்னாள்.

"பத்து நாளா கொல்லையில மல்லாட்டச் செடி பறிச்சிக்கினே சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன்."

"இன்னான்னு?"

"'உடாதீங்கம்மா'ன்னு. அவ்ளோதான். அந்தம்மா என்னப் பாத்துதான் கேட்டாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டேன்."

அவள் தோளைத் தொடக்கூட அவருக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இப்போதெல்லாம் கொல்லையில் களை பிடுங்கும்போது, பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, துரைக்கண்ணுதான் அதைச் சொல்லிப் பார்க்கிறார்.

"உடாதீங்கம்மா."