இடையில் ஒரு தாள்

…பலகையில் பசை தடவியது ஞாபகம் இருக்கிறது, மரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்த வெனீரை அதன் மேல் விரித்தது, உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தது, அப்போதுதான் போன் அடித்தது, மகள், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், இவள் வாசலில் நின்று பேசினாள், திரும்பி வந்தாள், அமுக்குகிற மேல்பலகையை வைத்தாள், அதன் ஆறு திருகுகளையும் முறுக்கினாள், எல்லாம் சரி, பாலிதீன் தாள்? வெனீருக்கும் மேல்பலகைக்கும் நடுவில் போடுகிற தாள், அதைப் போட்டாளா? முப்பது வருஷமாக இதே வேலை, இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். ராத்திரியெல்லாம் நேற்றைய சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சாதாரண வெனீர் என்றால்கூடப் போகட்டும், இது மரத்தின் முண்டிலிருந்து சீவியது, அடிமரத்தில் கட்டி மாதிரிப் புடைத்து நிற்குமே அதிலிருந்து, உடம்பெல்லாம் சுழி, சுழியெல்லாம் ஊசித்துளை, திருகு இறுகினால் பசை அத்தனை துளை வழியாகவும் மேலே கசியும், நடுவில் தாள் இல்லையென்றால் மேல்பலகையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிய்த்தால் சருகுதான். வக்கீலம்மாவின் மேஜைக்காக அரை நாள் கடையில் நின்று பொறுக்கிய ஏடுகள், ஒரே முண்டில் அடுத்தடுத்துச் சீவிய நாலே நாலு, ஒவ்வொன்றையும் ஈரக்கையால் தடவி நிறம் பார்த்ததற்கு, “மாப்பிள்ளை பாக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாதும்மா” என்றார் கடைக்காரர், “மாப்பிள்ளையை மாத்திடலாம், ஒட்டினதை மாத்த முடியுமா?” என்று இவளும் விடாமல் சொன்னாள். அது போன வாரம். ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறதே! நேற்று சாயங்காலம் மட்டும் எங்கே போய்த் தொலைந்தது?

காலை மணி எட்டே முக்கால், பசை இறுக வேண்டும், ஒன்பதுக்கு முன்னால் திறக்கக்கூடாது, திறக்கப் பயமாகவும் இருந்தது. அம்மாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது, முதலில் அடுப்பு, அப்புறம் சாவி, அப்புறம் தெரு, கடைசியில் பெற்ற மகளையே பார்த்து “யாரும்மா நீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாளே, திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இந்த மாதத்தில் இது எத்தனையாவது? தண்ணீர்க் குழாயை மூடாமல் வந்தது, அளவெடுத்த மேஜையைத் திரும்ப அளந்தது… யாரிடமும் மூச்சு விடவில்லை. விடியற்காலையில் தனக்குத்தானே ஒரு முடிவு செய்துகொண்டாள், தாள் இருந்தால் எல்லாம் வீண் பயம், இல்லையென்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அடுத்த மேஜையில் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, உப்புத்தாளால் ஒரு பலகையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறார்கள், வாய் ஓயாத மனுஷி, இன்றைக்கு என்னவோ பேச்சே இல்லை.

ஒன்பது. முதல் திருகு, இரண்டாவது, மூன்று, நாலு, ஐந்து, ஆறு… மேல்பலகை அலுங்காமல் கையோடு வந்தது. தாள் இருந்தது! அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. தாளுக்கு அடியில் நாலு ஏடும் விரித்த புத்தகம் மாதிரி, சுழிக்குச் சுழி எதிரெதிரே, ஒரு குமிழ் இல்லை, ஒரு கீறல் இல்லை, கசிந்த பசையெல்லாம் தாளோடு உரிந்து வந்துவிடும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உரிப்பதற்காக மூலையைப் பிடித்தாள். மூலையில் ஒட்டுநாடா. நாலு மூலையிலும் விரல் அகலத்துக்கு ஒட்டுநாடா. அவள் தாளை வெறுமனே விரிப்பவள். நாடா ஒட்டாமல் தாளைத் தொடமாட்டாள் என்று ஓரகத்தியைத்தான் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாள்! அப்படியானால் போன் பேசிக்கொண்டிருந்தபோது… அன்றைக்குத் திறந்துவிட்டு வந்த குழாயையும் யாரோ மூடித்தான் வைத்திருந்தார்கள். எத்தனை நாளாக?

“நல்லா வந்திருக்காக்கா?” என்றாள் ஓரகத்தி, நிமிராமல்.

“வந்திருக்கு.” கோபம் வரும் என்று காத்திருந்தாள், வெட்கமாவது வரும் என்று, இரண்டும் வரவில்லை, ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாகச் சுமந்ததை யாரோ மறுமுனையில் பிடித்துக்கொண்ட மாதிரி தோள் இறங்கியது. தாள் இருந்தது, ஆனால் அவள் போட்டது இல்லை, அப்படியானால் முடிவு எந்தப் பக்கம்? “நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும், கூட வரியா?”

“எத்தனை மணிக்குக்கா?”

எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.