பின்னறையில் யாரும் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. நகராட்சி அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தையல்கார அம்மாள் பாதி சொன்னார். மீதியைச் சொல்வதற்குள் அவருடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாம்பல் நிற வானத்தின் கீழே அந்த வீடு மௌனமாக... (வேண்டாம். எந்த வீடு வாய் திறந்து பேசியிருக்கிறது?)

2

தையல்காரிக்குக்* கண் மங்கிவிட்டது. வீட்டை விற்று, அண்ணனையும் கூட்டிக்கொண்டு மகள் குடியிருக்கும் தெருவுக்கே போய்விட நினைத்தாள். விற்பதற்கு நகராட்சிச் சான்றிதழ் வேண்டும். கட்டடம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று அதிகாரி நேரில் பார்த்துத் தருவது. வெள்ளிக்கிழமைக்குள் அது வராவிட்டால், வாங்குகிறவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.

வரைபடத்தில் பின்னறை, சாமான் அறை. ஆனால் இருபது வருஷமாக அங்கே இருப்பது அண்ணன். சாமான் அறையில் ஆள் குடியிருப்பது தெரிந்தால் சான்றிதழ் கிடையாது. (அவரை நோயாளியாக்கலாமா என்று யோசித்தேன். சீச்சீ, கண்ணீருக்காக ஒரு மனுஷனைப் படுக்கவைப்பதா? திடமாகத்தான் இருக்கிறார். குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர்.)

* வரிசையில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. அந்த அம்மாள் மன்னிக்கட்டும்.

3

கட்டிலைக் கழற்றி, அறையில் துணி மூட்டைகளை அடுக்கியாயிற்று.

"பத்து மணிக்கு வர்றாங்களாம். நீ பூங்காவுல போய் உட்காருண்ணா. பன்னிரண்டுக்கு வா, சாப்பிடலாம்."

அதிகாரி சாவகாசமாகப் பன்னிரண்டுக்கு வந்தார். சொன்ன நேரம் தவறாமல் அண்ணனும் வந்தார். பழக்க தோஷம், நேரே பின்னறைக்குள் போய் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம்தான் மூட்டைகளுக்கு நடுவே அதிகாரி நிற்பதைப் பார்த்தார். தங்கை அறை வாசலில் நின்றாள்.

"இவர் யாரும்மா? இங்க யாராவது குடியிருக்காங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"குழாய் ரிப்பேருக்கு வந்தேன் சார். இந்தம்மா கூப்பிட்டாங்க."

பிறந்ததிலிருந்து அவளை அவர் 'இந்தம்மா' என்று சொன்னதில்லை. சொன்ன கையோடு கொல்லைக்குப் போய், ஒழுகாத குழாயைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். தலை நிமிரவேயில்லை.

அதிகாரி படிவத்தை நீட்டினார். 'பின்னறையில் எவரும் வசிக்கவில்லை.' அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

4

முடிவு ஒன்று: போட்டுவிடுகிறாள். வீடு விற்கிறது. புது வீட்டில் அண்ணனும் தங்கையும் சௌக்கியம். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

முடிவு இரண்டு: "இவர் என் கூடப்பிறந்த அண்ணன் சார்." சான்றிதழ் போச்சு. "உன்னை யார் பேசச் சொன்னது?" என்று அண்ணன் திட்டித் தீர்க்கிறார்.

முடிவு மூன்று: அதிகாரியின் மனம் இளகி... (அடப் போங்கள். அந்த வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவன் நான்.)

அந்த அம்மாள் அன்றைக்கு வந்தது சான்றிதழ் வாங்கவா, மறுபடி மனுப் போடவா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

5

ஏன் கேட்கவில்லை என்றால், எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. பேச்சு நின்று ஒன்பது வருஷம். யாராவது விசாரித்தால், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்றுதான் சொல்லி வருகிறேன், வாய் கூசாமல். அந்தப் படிவத்தை நான் எந்த முகத்தோடு நிரப்புவேன்?

நீங்கள் நிரப்புங்கள்.