பெர்லாந் என்ற சாய்வு

திருடனைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் சுலபம், நிரூபிப்பதுதான் பெரும்பாடு. டெனிம் நீம் ஊர்த் துணி, கழுத்தில் கட்டும் கிராவாத் குரோஷியச் சிப்பாய்கள் கொண்டுவந்தது. இதை நான் எழுதினால் என்ன, அடுத்தவன் எழுதினால் என்ன? பார்த்து எழுதினான் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் அகராதிக்காரர்கள் ஒரு பொய்ச் சொல்லை உள்ளே ஒளித்து வைப்போம்; திருடுகிறவன் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான்.

என் உடை அகராதியில் நான் ஒளித்தது ‘பெர்லாந்’. தொப்பியை இடப் புருவத்தின்மேல் சாய்த்து வைப்பது என்று பொருள். பெர்லாந் என்ற தொப்பிக்காரர் பெயரால் வந்தது என்று மூலமும் எழுதினேன். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. உண்மையை எழுதி உறையில் போட்டு, முத்திரையிட்டு, நோட்டரியிடம் கொடுத்தேன். இருபது வருஷம் கழித்து இன்னொரு பதிப்பகத்தின் அகராதியில் அதே பெர்லாந், அதே பொய் மூலம். வழக்குப் போட்டேன். தோற்றால் என் அகராதி அதோடு சரி. அவர்களுடையது பாதி விலை, என்னுடையதை எவன் வாங்குவான்?

பாரிஸ் நீதிமன்றத்தில் அவர்கள் தொப்பிக்குப் பேர்போன கோசாத் ஊரிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார்கள். தொப்பி செய்யும் ஜினெத் பர்தூ. அறுபது வயதிருக்கும். கையில் ஒரு நீலத் தொப்பி.

“பெர்லாந்னு தொழில்ல சொல்றது உண்டா மேடம்?” என்று கேட்டார் அவர்கள் வக்கீல்.

“உண்டாவா? தினமும் சொல்றோம். என் பட்டறைக்கே அதுதான் பேரு.”

ஊரில் புழங்குகிற சொல் என்றாகிவிட்டால் திருட்டு எங்கே? எதிர்ப் பதிப்பகத்துக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் வக்கீல் தெல்மாஸ் நிதானமாக எழுந்தார். “யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?”

“என் முதலாளியம்மாகிட்ட. போய்ச் சேந்துட்டாங்க.” பிறகு எங்களுக்கெல்லாம் உதவுகிற முகத்தோடு பையைத் திறந்தார். “அவங்க குடுத்த புத்தகத்துலயே இருக்கே. நம்பலன்னா பாருங்க.”

வெளியே வந்தது என் அகராதி. பெர்லாந் இருக்கும் பக்கத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

தெல்மாஸ் என் காதருகே குனிந்தார். “உறையைப் பிரிச்சாத்தான் கேஸ் முடியும். அந்தம்மா முன்னாடியே படிக்கணும். என்ன சொல்றீங்க?”

ஜினெத் பெருமையோடு ரிப்பனை நீவிக்கொண்டிருந்தார். என் இருபது வருஷ உழைப்பா, அவர் முகமா? தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தலையாட்டினேன்.

நீதிபதி உரக்கப் படித்தார்: “இப்படி ஒரு சொல் கிடையாது. பெர்லாந் என் பூனையின் பெயர்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜினெத் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். அன்று மாலையே அந்தப் பதிப்பகம் சமரசத்துக்கு இறங்கிவந்தது.

நீதிமன்றப் படியில் ஜினெத் எனக்காகக் காத்திருந்தார்.

“பூனை என்ன நிறம்?”

“சாம்பல்.”

“இருபது பொண்ணுங்களுக்கு இந்தச் சாய்வைச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒருத்தியோட கல்யாணத் தொப்பியே பெர்லாந் சாய்வுதான். இப்ப அவளுக்கு என்னன்னு சொல்றது?”

வாயைத் திறந்தால் எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்கிறவள் நான். அப்போது என்னால் கொடுக்க முடிந்தது ஒரு வாக்குதான். “சொல்லை எடுக்க மாட்டேன் மேடம்” என்றேன். “இனிமே எடுக்கவும் முடியாது. நீங்க பேசிட்டீங்க. அடுத்த பதிப்புல அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவங்கன்னு உங்க பேரைப் போடறேன்.”

அவர் நீலத் தொப்பியைத் தலையில் வைத்து, இடப் புருவத்தின்மேல் இழுத்துவிட்டார். நான் கண்ணால் பார்க்காமலே எழுதிய சாய்வு, எழுதியபடியே இருந்தது.

“பூனையையும் போடுங்க,” என்றார். “என் பேரு அந்தத் தொப்பிக்காரர் பொய்க்குப் பக்கத்துல நிக்க வேண்டாம்.”