மூன்றாவது குண்டு

"அதை என் மேஜையில வைக்காதேன்னு..."

"மேஜையில வைக்காம என் தலையிலயா வைக்கிறது? அவ நாளைக்கு..."

"மாவு தேய்க்கிற இடத்துல ஈயம்! எடு அதை!"

"நாளைக்கு விமானம் ஏறுறா, ஃபெதோரா! நீ என்னடான்னா மாவைப் பத்திப் பேசுற!"

இக்னாத் டப்பாவை எடுக்கவில்லை. ஃபெதோராவும் மாவுக்கட்டையைக் கீழே வைக்கவில்லை. மகளின் வழிச்சாப்பாட்டுக்காக, சால்மனும் சோறும் பொதிந்து சுடுகிற பீரோக்குக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் இருந்தவை, பின்கொட்டகையில் உட்கார்ந்து இக்னாத் தன் கையால் மருந்து போட்டு, குண்டு செருகி, வாயை இறுக்கிய தோட்டாக்கள். ஆற்றுக்கு மேலே போகிறவர்களுக்குக் கடைத் தோட்டா கொடுத்தனுப்புவது அவன் குடும்பத்தில் வழக்கமில்லை. மகன் கிரிலுக்கும் அப்படித்தான் கொடுத்தான்.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில், ஆற்றின் குறுக்கே வேலி கட்டி சால்மன் எண்ணுகிற வேலைக்குப் போனான் கிரில். கரடி வந்தபோது இரண்டு முறை சுட்டிருக்கிறான். அதற்குமேல் துப்பாக்கியின் உருளை சுற்றவில்லை. சவப்பெட்டியும் துப்பாக்கியும்தான் வீட்டுக்கு வந்தன. மணல் புகுந்திருக்கும் என்றான் இக்னாத். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் மணல்.

இப்போது அதே வேலி, அதே வேலை, அவன் தங்கை பராஸ்காவுக்கு. அதே துப்பாக்கியைத்தான் கொண்டுபோவேன் என்று வேறு நிற்கிறாள்.

உள்ளே வந்த பராஸ்கா ஒரு சின்ன அட்டைப்பெட்டியை டப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

"நான் இதை எடுத்துட்டுப் போறேம்ப்பா."

இக்னாத் ஒன்றை எடுத்துப் புரட்டினான். "கடைச் சரக்கு. பட்டணத்துல திருடனைச் சுடுறதுக்கு ஆகும். மெத்துனு முனை, பட்ட இடத்துலயே மலர்ந்துக்கும். கரடியோட கொழுப்பையே தாண்டாது."

"முனையைத் தொட்டுப் பாரு. கெட்டி. எலும்பு வரைக்கும் போகும். எடை மட்டும் உன்னோடதவிடக் கம்மி."

"கம்மி! கரடிகிட்ட சொல்லிப் பாரு, எடை கம்மி, கோவிச்சுக்காதேன்னு."

"உன்னோடது உதைக்கிற உதையில, மிச்சக் குண்டெல்லாம் கழண்டு முன்னால வந்துடும்ப்பா. துப்பாக்கி லேசு. முனை வெளியில துருத்துச்சுன்னா உருளை சிக்கிக்கும்."

ஃபெதோராவின் மாவுக்கட்டை உருண்டுகொண்டிருந்தது.

"என் துப்பாக்கியில சுட்டுப் பார்த்துட்டுத்தான் அவனுக்குக் கொடுத்தேன். ஒண்ணுகூட அசையல," என்றான் இக்னாத்.

"உன் துப்பாக்கி இரும்புக் கட்டைப்பா. அந்தக் கனத்துல உதையே தெரியாது."

"இந்தத் தடவை வாயை இன்னும் இறுக்கியிருக்கேன்."

"ஏன் இறுக்கின?" என்றாள் ஃபெதோரா. "மணல்தானே?"

இக்னாத் டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தான். பராஸ்கா அண்ணனின் துப்பாக்கியோடு பின்னால் ஓடினாள். கையில் ஒட்டிய மாவோடு ஃபெதோராவும் போனாள்.

கரையில் அலை ஒதுக்கிய மரமொன்று கிடந்தது. இக்னாத் கிரிலின் துப்பாக்கியை வாங்கி, தன் தோட்டாக்களில் ஆறு போட்டுக்கொண்டு நின்றான். அவன் கையில் அந்தத் துப்பாக்கி பொம்மைபோல் இருந்தது. கிரிலின் மணிக்கட்டு படகுக் கப்பியில் சிக்கி முறிந்து கூடியது. கனமாக இருந்தால் கூடாரத்திலேயே போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதை ஃபெதோராதான் வாங்கினாள்.

முதல் வெடிக்குக் காக்கைகள் எழுந்தன. இக்னாத்தின் கை தோள் வரைக்கும் தூக்கிப்போட்டது. இரண்டாவது வெடித்தது. மரத்திலிருந்து சிராய் பறந்தது.

"பார்த்தியா? நல்லாத்தானே..." என்றபடி மூன்றாவதற்கு அழுத்தினான்.

விசை நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினான்.

"போதும்ப்பா. கொடு," என்றாள் பராஸ்கா.

அவன் கொடுக்கவில்லை. மரத்தைப் பார்த்தபடியே பிடித்திருந்தான். ஃபெதோரா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். உருளையின் முகப்பில் ஒரு குண்டின் மழுங்கிய மூக்கு, நகக்கனம் வெளியே எட்டிப் பார்த்தது. காலையில்தான் துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கி. மணல் ஒரு பொடிகூட இல்லை.

பராஸ்கா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். "கடைத் தோட்டாவையும் இதே மாதிரி சுட்டுப் பார்த்துட்டுத்தான் போவேம்மா," என்று முணுமுணுத்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

"துப்பாக்கி நான் வாங்கினது, இக்னாத்," என்றாள் ஃபெதோரா. "கொஞ்சம் கனமா வாங்கியிருந்தா உன் குண்டு அசைஞ்சிருக்காது."

அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெறுங்கையின் ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.

"மூணாவது தடவையும் அழுத்தியிருப்பான், இல்ல ஃபெதோரா?"